மண்டூர்ப் பக்கம் போயிட்டு வந்த கதை

கிறிஸ்தவ சபை ஊழியத்துல இருந்தவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம், மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஒரு ஊர்ல இருந்து மாற்றம் வந்துட்டா பொட்டிய கட்டிக்கிட்டு கிளம்பிடணும், அதுக்குப் பிறகு அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது. எங்கயும் எழுதி வச்சதில்ல, ஆனா மூத்த போதகர்மார் சொல்லித்தான் அனுப்புவாங்க. புதுசா வர்றவரோட சனங்க பழகணும், நீ போய் நின்னா "பழைய ஐயா இருக்கக்குள்ள இப்பிடி இல்லியே"ன்னு ஒரு கதை கிளம்பும், அது வளரும், கடைசில சபை ரெண்டாப் போகும். நியாயம்தான், அப்படி ரெண்டாப் போன சபைய நானே பாத்திருக்கேன். ஆனா சபைக்கே வராத சனங்களோட இருந்த சிநேகிதத்தையும் சேத்து எதுக்கு வெட்டணும்னு யாரும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. இப்ப நான் ஊழியத்துல இல்ல, பண்டாரவளையில சின்னதா ஒரு பிரின்டிங் கடை, அதனால யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டிய தேவையில்லாம, முன்ன நான் போதகரா இருந்த மட்டக்களப்புப் பக்கத்து மண்டூருக்குக் கிளம்பிட்டேன்.

பதுளைல இருந்து பஸ். லுணுகலை, பிபிலை, மகாஓயான்னு இறங்கிக்கிட்டே வந்து செங்கலடி தாண்டினா காத்தே வேற மாதிரி, மலைநாட்டுல பொறந்த உடம்புக்கு அந்த வேக்காடு இன்னும் ஒத்துக்கல. மட்டக்களப்பு டவுன்ல பஸ் மாறுறதுக்கு நின்னப்ப வில்லியம் ஓல்ட் ஞாபகம் வந்துச்சு. 1814ல வந்த மெதடிஸ்த மிஷனரி, கூட வந்தவங்களுக்குத் தலைவரா இருந்த தோமஸ் கோக் நடுக்கடல்லயே செத்துட்டார், ஓல்டோட மனைவியும் கப்பல்லயே போய்ட்டாங்க, தனியா இந்த ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு வருஷம்கூட முடியல, 1815 ஏப்ரல்ல அவரும் போய்ட்டார். அந்தப் பள்ளிக்கூடம்தான் இன்னைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி. பழைய ஊருக்குத் திரும்பிப் போகலாமா கூடாதாங்குற பிரச்சினையே அந்த மனுஷனுக்கு வரல.

கல்லடிப் பாலம் தாண்டி காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை வெத்திலைத் தோட்டமெல்லாம் கடந்து களுவாஞ்சிகுடில இறங்கி, த்ரீவீல் பிடிச்சு குருமண்வெளித் துறையடிக்குப் போனேன். அங்க இருந்து மண்டூருக்கு பாதை. தெரியாதவங்களுக்கு, இங்க பாதைன்னா ஆத்தைக் கடக்கிற மிதவை, தட்டையா ஒரு மேடை, அதுல பைக்கு, சைக்கிள், நெல்லு மூட்டை, ஸ்கூல் புள்ளைங்க, ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வர்ற கிழவிங்க எல்லாம் ஒண்ணா நிக்கும். வாவின்னு புத்தகத்துல எழுதுவாங்க, ஊர்ல எல்லாருக்கும் அது ஆறுதான். மண்முனைல பாதை ஓடின இடத்துல 2014ல பாலம் திறந்துட்டாங்க, இங்க நான் போனப்பவும் பாதைதான். எனக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ராத்திரில பிரசவ வலி வந்த பொம்புளைய வச்சுக்கிட்டு துறையடில நின்ன குடும்பத்துக்கு இது அழகா இருக்காதுன்னும் தெரியும்.

முதல்ல இப்ப இருக்கிற போதகர் வீட்டுக்குத்தான் போனேன், அது மரியாதை. சின்னப் பொடியன், நல்லவன். ஞாயிறு நீங்க பிரசங்கம் பண்ணுங்க அண்ணன்னு கேட்டான், நான் மாட்டேன்னுட்டேன், வற்புறுத்தல, எனக்கும் நிம்மதி.

அப்புறம் மாமி வீடு. நான் வாடகைக்கு இருந்த அறைக்குப் பக்கத்து வீடு, சைவக் குடும்பம், முருகன் கோயில்ல ஆவணித் திருவிழா தொடங்கினா அந்த வீட்டுல மீன் வாசம் கிடையாது. அந்தக் கோயிலுக்கு சின்னக் கதிர்காமம்னு பேர், பூசை பண்ற கப்புகனார் வாயைத் துணியால கட்டிக்கிட்டு திரைக்குப் பின்னாலதான் பண்ணுவார், மந்திரச் சத்தம் ஒண்ணும் கேக்காது. தீர்த்தம் முடியிற வரைக்கும் நானும் என் அறைல மீன் பொரிக்கிறதில்ல, யாரும் சொல்லல, எனக்கே ஒரு மாதிரி இருக்கும். மாதாமாதம் அனுப்புற ரிப்போர்ட்ல வீடு சந்திப்பு எத்தனை, புது ஆத்துமாக்கள் எத்தனைன்னு கட்டம் இருக்கும், இதை எழுத ஒரு கட்டமும் இருக்காது.

மாமி படலைக்கு வந்து நெத்தில கைய வச்சுப் பாத்துச்சு. "ஆரு மனே? பாஸ்டர் தம்பியா?" ஓம் மாமின்னேன். "உயிரோடதான் இரிக்கிறியா? ஒரு கோல் இல்ல, கடிதம் இல்ல. போனவன் போனவன்தான்." நான் எங்க சபை வழக்கத்தை விளக்கிச் சொன்னேன், புதுசா வர்றவருக்கு இடைஞ்சலாயிடும், அதான் வரலன்னு. மாமி எல்லாத்தையும் கேட்டுட்டு, "நான் எப்ப உண்ட சேர்ச்சுக்கு வந்தன்?" எண்டு கேட்டுச்சு பாருங்க, எனக்குப் பதில் வரல. மறுகா அதை விட்டுட்டு, "இரி, சாப்பிட்டுத்தான் போற" எண்டு உள்ள போயிட்டு. இறால், மாங்காய் போட்ட மீன் குழம்பு, கடைசில எருமைத் தயிர் சட்டியோட வந்துச்சு. வயசு எழுபதுக்கு மேல, அம்மி இன்னும் அதே இடத்துலதான் கிடக்கு.

வீடு இப்ப சின்ன மகள் பேர்ல. இந்தப் பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான், ஆம்புள கலியாணம் கட்டி பொண்டாட்டி வீட்டுக்குப் போயிடுவான். பழைய சிநேகிதனைத் தேடிப் போறவனுக்கு இதுல ஒரு சிக்கல், நான் கூட வொலிபோல் அடிச்ச பொடியன்மார் ஒருத்தனும் மண்டூர்ல இல்ல. "அவனா? அவன் பழுகாமத்துல", "அவன் வெல்லாவெளில", "அவன் கட்டாருக்குப் போய்ட்டான்". மாமிட மகனைப் பாக்க பழுகாமம் போக வேண்டியதாப் போச்சு, மாமிட மருமகன் பைக்குல ஏத்திக்கிட்டுப் போனார்.

அவன் வயல் செய்றான். 2021ல அரசாங்கம் ரசாயன உரத்தை நிறுத்தினாங்களே, அந்தப் போகத்துல பட்ட அடியப் பத்தியே அரை மணித்தியாலம் பேசினான், கடன் இன்னும் முழுசா முடியலயாம். அதுக்கு மேல யானை. கதிர் முத்துற நேரம் ராத்திரி ராத்திரி வாடில காவல், யானை வெடி கொளுத்திப் போட்டுக்கிட்டே இருக்கணும், வெடிச் சத்தத்துக்கு யானை பழகிட்டு நாங்கதான் பயப்படுறம்னு சிரிக்கிறான். பேச்சு சுத்தி சுத்தி சுனாமிக்கு வந்துச்சு. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, ஆராதனைக்குக் கூடின நேரம்தான் செய்தி வந்துச்சு, கொஞ்ச நேரத்துல பாதைலயும் தோணிலயுமா கடலோர அக்கரைச் சனம் வரத் தொடங்கிட்டு. மாமி வீட்டு விறாந்தைல பெரியகல்லாறுக் குடும்பம் ஒண்ணு, என் அறைல இன்னொண்ணு, நான் சேர்ச்சுக்குள்ள படுத்தேன், கோயில் மடப்பள்ளிப் பானையை எடுத்துட்டு வந்து எங்க சேர்ச் முத்தத்துல சோறு வடிச்சாங்க. 2007ல சண்டை படுவான்கரைக்கு, அதாவது மண்டூர் இருக்கிற இந்தக் கரைக்கு வந்தப்ப எனக்கு மாற்றம் கிடைச்சுப் போயிருந்துச்சு, அதனால இதை இப்பத்தான் கேட்டேன்: மாமி குடும்பம் உடுத்த துணியோட ஆத்தைக் கடந்து ஓடினப்ப, துறையடில வந்து நின்னு கூட்டிக்கிட்டுப் போனது அதே கல்லாறுக் குடும்பமாம். அந்த வீட்டு மகளைத்தான் மாமிட மூத்த பேரனுக்குப் பேசி முடிச்சிருக்கு. ஒரு பக்கம் வேதம், அதாவது கிறிஸ்தவம், ஒரு பக்கம் சைவம், ரெண்டு பக்கமும் கொஞ்ச நாள் சண்டை புடிச்சுட்டு இப்ப சமாதானம்.

கலியாணத்துக்கு வரச் சொல்லி மாமி ஓடர் போட்டிருக்கு, வராட்டி இந்தப் படலைக்குள்ள இனிக் கால் வைக்காதேன்னு. அது சேர்ச்லயா கோயில்லயான்னு கேட்டேன், "அது அவங்கட வேலை, நீ சோத்துக்கு வா" எண்டுட்டு. வைஃபையும் புள்ளைகளையும் கூட்டிட்டுத்தான் போகணும், லுணுகலை வளைவுல சின்னவன் கட்டாயம் வாந்தி எடுப்பான், அதுக்கு ஒரு வழி தெரிஞ்சவங்க கமென்ட்ல சொல்லுங்க.