ஷீட் கூரைக்கு அடியில் ஃபாயில் இன்சுலேஷன்: ரோல் கணக்கு முதல் டேப் வரை

மொட்டைமாடியில் 20க்கு 30 அடி கலர் ஷீட் ஷெட். ஒரே பக்கச் சரிவு, 4 அடிக்கு ஒன்றாக 2 இன்ச் பாக்ஸ் பைப் பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்). ஷீட்டைக் கழற்றாமல் கீழிருந்தே அலுமினிய பபிள் ஃபாயில் (காற்றுக் குமிழ் உள்ள பிளாஸ்டிக்கில் அலுமினியத் தாள் ஒட்டியது) அடிக்க வேண்டும். இரண்டு ஆள், இரண்டு நாள் ஆனது. ஃபாயிலை விரிக்கப் போன நேரம் கொஞ்சம்தான். அதற்கு மேலும் கீழும் காற்று இடைவெளி கெடாமல் வைப்பதில்தான் நேரம் போனது.

இடைவெளிக்கு ஏன் இத்தனை பாடு? கொதிக்கிற ஷீட்டின் சூடு காற்று வழியாக அதிகம் இறங்குவதில்லை. சூடான காற்று மேலேயே தங்கிவிடும். தலையில் அடிக்கிற அந்த அனல் கதிர்வீச்சாக நேரே வருவது. ஷீட் 65 டிகிரி, அதற்குக் கீழே இருக்கிற பரப்பு 35 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், இரண்டும் சாதாரணப் பரப்பாக இருக்கும்போது சதுர மீட்டருக்கு 188 வாட் அளவுக்குக் கடக்கும். ஒரு முகம் சுத்தமான ஃபாயிலாக இருந்தால் 11 வாட் சொச்சம். ஆனால் ஃபாயில் ஷீட்டோடு ஒட்டிவிட்டால் அந்த முகத்துக்கு வேலையே இல்லை. அலுமினியம் சூட்டைக் கடத்தும் உலோகம், தொட்ட இடத்தில் அப்படியே வாங்கிக் கீழே கொடுத்துவிடும்.

குளிர்நாடுகளில் ஃபாயில், ஃபோம், பஞ்சு என்று மாற்றி மாற்றி அடுக்கிய மல்டிஃபாயில் போடுகிறார்கள். அங்கே வீட்டுச் சூடு மேல்நோக்கிப் போகிறது. இடைவெளியில் இருக்கிற காற்றே சுழன்று அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் அடுக்கு கூட்ட வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கூரையில் சூடு மேலிருந்து கீழே வருவதால், ஒற்றை அடுக்கு பபிள் ஃபாயிலே இடைவெளி சரியாக இருந்தால் நன்றாக வேலை செய்யும்.

வாங்கியது இரண்டு பக்கமும் பளபளப்பான ரோல், 1.2 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். மேல் முகத்தில் வருஷக்கணக்கில் தூசி படியும், பளபளப்பு மங்கும். கீழ் முகத்தில் தூசி உட்காராது, கடைசிவரை கைகொடுப்பது அதுதான். ஒரு பக்கம் மட்டும் ஃபாயில் உள்ள ரோல் கிடைத்தால் பளபளப்பைக் கீழே பார்க்க வையுங்கள்.

துண்டுக் கணக்கைப் பரப்பளவை வைத்துப் போட்டால் தப்பும். 30 அடி என்பது 9.14 மீட்டர். ஒன்றன்மேல் ஒன்று 75 மி.மீ. ஏறினால் ஒரு துண்டு 1.125 மீட்டர்தான் மூடும். எட்டுத் துண்டு போட்டால் ஓரத்தில் நாலு விரல் இடம் திறந்து நிற்கும், ஆகவே ஒன்பது. சரிவு நீளத்துக்கு ஒவ்வொன்றும் 6.5 மீட்டர். ஒரு ரோலில் ஆறு துண்டு, அடுத்ததில் மூன்று. மிச்சம் 20 மீட்டர், அது இன்னொரு சின்ன கூரைக்கு ஆகும்.

ஃபாயிலைத் தொடுவதற்கு முன் ஓஸ் வைத்து ஷீட்டின் மேல் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கிற ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தால் அங்கே சொட்டும். ஃபாயில் அடித்த பிறகு அந்த ஒழுகலைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. தண்ணீர் ஒரு பக்கம் விழுந்து ஃபாயில் மேல் ஓடி வேறு பக்கம் சொட்டும். வெல்டிங் பாக்கி இருந்தால் அதையும் இப்போதே முடிக்க வேண்டும். பபிள் என்பது பாலித்தீன், ஒரு பொறி போதும்.

அடுத்து கரண்ட். ஃபாயில் கரண்ட் கடத்தும். 2009-ல் தொடங்கிய ஆஸ்திரேலிய அரசின் வீட்டு இன்சுலேஷன் திட்டத்தில் வேலை செய்த நால்வர் இறந்தார்கள், அதில் மூவர் மின்சாரம் தாக்கி. ஃபாயிலை இரும்பு ஸ்டேப்பிள் அடித்துப் பொருத்தும்போது வயரில் இறங்கியதும் அதில் உண்டு. மெயினை அணைத்துவிட்டு, ஓடுகிற வயரையெல்லாம் பிவிசி பைப்புக்குள் இழுத்து, ஃபாயிலுக்குக் கீழே கொண்டுவந்த பிறகே ஸ்க்ரூவைக் கையில் எடுத்தோம்.

பர்லினின் அடி முகத்தில் ஃபாயிலை வைத்தால் மேலே 2 இன்ச் இடைவெளி தானாகக் கிடைக்கிறது. 4 அடி இடைவெளியில் ஃபாயில் தொங்கும் என்பதால், பர்லினுக்குக் குறுக்கே 2 அடிக்கு ஒன்றாக ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி இழுத்துக் கட்டினோம், ஃபாயிலுக்குக் கீழே தாங்கலாக. வெறும் ஸ்க்ரூவும் வாஷரும் போட்டால் ஆறு மாதத்தில் துளை கிழிந்து பெரிதாகிவிடும். ஸ்க்ரூவுக்கு அடியில் 1 இன்ச் ஜிஐ பட்டியை நீளவாக்கில் வைத்து, ஒரு அடிக்கு ஒரு செல்ஃப் ஸ்க்ரூ. பட்டி ஃபாயிலை முழு நீளத்துக்கும் பிடித்துக்கொள்ளும். துண்டை விறைப்பாக இழுக்கக்கூடாது, பபிள் நசுங்கும், தொய்வும் கூடாது.

டேப் ஒட்டுமுன் இணைப்பை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். தூசிமேல் ஒட்டிய அலுமினிய டேப் மழைக்கால ஈரத்தில் சுருண்டு தொங்கும். கட்டை விரலால் அல்ல, மடித்த அட்டையால் அழுத்தித் தேய்த்தால் காற்றுக் குமிழ் நிற்காது.

சரிவின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அடைத்து டேப் போட்டுவிடாதீர்கள். 1 இன்ச் விட்டு, அணிலும் எலியும் நுழையாதபடி கம்பிவலை அடிக்க வேண்டும். மார்கழி இரவில் ஷீட் வியர்க்கும். அந்தத் தண்ணீர் ஃபாயில்மேல் விழுந்து கீழ் ஓரம் வழியாக வெளியே போகணும். அடைத்தால் தொய்ந்த இடத்தில் குளமாகத் தேங்கும்.

கீழே பிவிசி சீலிங் போடுகிறவர்கள் ஃபாயிலோடு ஒட்டிப் போடுவதுதான் நாங்கள் பார்க்கிற பெரிய தப்பு. 1 இன்ச்சாவது விட வேண்டும். கான்கிரீட் தளத்தின் மேல் ஃபாயிலை விரித்துச் சிமென்ட் கலவை போட்டு ஓடு பதிப்பது அதைவிட மோசம்: இடைவெளியும் இல்லை, ஈரச் சிமென்டின் காரம் அலுமினியத்தை அரித்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் ஷீட்டில் துளை போடவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. பர்லினில் மட்டும் பொருத்துங்கள்.

முடிந்ததும் தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை ஃபாயிலில் காட்டி எண்ணைப் படிக்கிறார்கள். பளபளப்பான பரப்பில் அந்த எண் பொய். ஃபாயிலில் பிரதிபலிக்கிற தரையின் சூட்டையே அது பெரிதும் படிக்கிறது. ஃபாயிலில் வயருக்குச் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, பத்து நிமிஷம் கழித்து அந்த டேப்பின் மேல் அளந்தால்தான் ஃபாயிலின் சூடு தெரியும். மதியம் 2 மணிக்கு இரண்டு பர்லினுக்கு நடுவில் ஓர் இடம், பர்லினுக்கு நேர் கீழே ஓர் இடம் என்று அளந்து பாருங்கள். பர்லின் இரும்பு வழியாகச் சூடு இறங்குவதால் அங்கே கூடுதலாகத்தான் காட்டும். நடு இடமும் அதே அளவு காட்டினால் ஃபாயில் எங்கோ ஷீட்டைத் தொடுகிறது. அந்தப் பட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.