நெஞ்சளவு தண்ணீர்

ஜூன் 9

எனக்குப் பார்க்கின்சன் நோய். கொப்பியில் எழுதினால் எழுத்து வரவரச் சிறுத்து, வரி முடிவதற்குள் கடுகாகிவிடுகிறது. ஆகவே இனிமேல் போனில்தான். கை நடுங்குவதைப் பார்த்தால் எல்லோருக்கும் விளங்குகிறது. தோள் விறைப்பதும் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்வதும் யாருக்கும் விளங்குவதில்லை. 1817இல் இந்த நோயைப் பற்றிக் கட்டுரை எழுதிய வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சனும் அதற்கு 'நடுக்குவாதம்' என்றுதான் தலைப்புப் போட்டார். மனிசன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

கிளினிக்கில் பிசியோதெரபி பிள்ளை கேட்டாள்: "ஐயா, உப்புவெளிக் கடற்கரையில இருந்துகொண்டு ஏன் வீட்டுக்குள்ள நடக்கிறீங்கள்? தண்ணிக்குள்ள நடவுங்கோ."

ஜூன் 12

ஆறு மணிக்குக் குளிசை. அது வேலை செய்யத் தொடங்க முக்கால் மணித்தியாலம். அப்புறம் கடல். இந்த மாதங்களில் எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். கச்சான் காற்று எழும்ப முதல் முடித்துவிட வேண்டும். மருமகன் என் இடப்பக்கம், மனைவி கரையில் துவாயோடு.

நெஞ்சளவு தண்ணீரில் நின்றால் உடம்புப் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காலுக்கு வருமாம். முழங்காலை உயர்த்திப் பெரிய அடி, கை இரண்டையும் மாறி மாறி வீசி. பிறகு பின்பக்கமாக நடை. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல் அரைவட்டம் போட்டு வரவேண்டும். பின்பக்கமாக நடக்கையில் சாய்ந்தேன். தண்ணீர் முதுகைப் பிடித்து மெதுவாகத்தான் விட்டது. அதற்குள் காலைப் பின்னுக்கு வைத்துவிட்டேன். வீட்டில் என்றால் சாய்ந்தது தெரியும்போதே விழுந்திருப்பேன். தரை எனக்கு அந்த நேரத்தைத் தருவதில்லை.

வெளியே வருவதுதான் பாடு. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் பாரம் முழுக்கத் திரும்பி வந்து, கால் ஒட்டிக்கொண்டது. மருமகன் இழுக்கப் பார்த்தான். இழுத்தால் இன்னும் இறுகும். மனைவி ஒரு தடியால் ஈரமணலில் குறுக்கே கோடு கீறி, "இதைத் தாண்டுங்கோ" என்றாள். தாண்டினேன்! அடுத்த கோட்டை அலை அழித்தது. திரும்பவும் கீறினாள்.

ஜூன் 21

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் எல்லாம் சரிவரும் என்று மச்சாள் ஒற்றைக் காலில் நின்றாள். போனோம். ஏழு கிணறும் ஏழு விதமான சூடு. வாளியால் அள்ளி ஊற்ற, தோள் விறைப்பு இளகியது உண்மை. ஆனால் குனிந்து நிமிர்ந்ததும் கண் இருட்டி, மதிலில் சாய்ந்துவிட்டேன். இந்த நோயில் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், சூடு அதற்கு இன்னும் கைகொடுக்கும். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பார்கள், என் கிரியையும் அங்கேயே முடிந்திருக்கும் என்றேன். மனைவி சிரிக்கவில்லை.

ஜூலை 5

இதை எழுத வெட்கம். சின்ன வயதில் டச்சுக்குடாவில் நீந்திய ஆள் நான். மருமகன் போன் பார்த்த நேரம் நாலு வீச்சு நீந்தலாம் என்று குப்புற விழுந்தேன். வலது கை வந்தது, இடது கை வரவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சுற்றியது. நல்லாய் உப்புத்தண்ணி குடித்தேன். இடுப்பளவு தண்ணீர்தான், எழும்ப மட்டும் தெரியவில்லை. அவன்தான் பெனியனில் பிடித்துத் தூக்கினான்.

பிசியோ பிள்ளையிடம் சொன்னேன். நன்றாக நீந்தியவர்களுக்கும் இது நடக்குமாம். "நீந்தத் தெரியும் எண்ட நினைப்புத்தான் ஐயா ஆபத்து." இனி நடை மட்டும்.

ஓகஸ்ட் 2

மழைக்குணம். போகவில்லை.

செப்டெம்பர் 27

இன்று மட்டும் பதினெட்டுத் தரம் முன்னும் பின்னும். கை வீச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது என்கிறான் மருமகன். நடுக்கம் அப்படியே. அதை இதனால் நிறுத்தலாம் என்று யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

வாடை தொடங்கினால் தை மாதம் கழியும்வரை கடலில் கால் வைக்க ஏலாது. பின்னேரம் மனைவி கடையில் சிவப்பு டேப் ஒரு சுருள் வாங்கி வந்தாள். இப்போது குசினி வாசலில் குந்தியிருந்து, என் பழைய அடிமட்டத்தால் இடைவெளி அளந்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது கோடு சரிவு. சொன்னால் ஏச்சு விழும்.