செகண்ட் ஹேண்ட் டிசைனர் பை: லோகோவுக்கு முன் உள்பாக்கெட்டைப் பாருங்கள்

வெளிநாட்டில் பழைய டிசைனர் பை வாங்குகிறவர்கள் லோகோவையும் தையலையும் உற்றுப் பார்க்கிறார்கள். பணம் உண்மையில் வீணாவது உள்ளேதான். ஜிப் பாக்கெட்டுக்குள் விரல் விட்டு அழுத்துங்கள். பிசுபிசுத்தால் உட்புறச் செயற்கைப் பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது. ஈரக்காற்றில் பூட்டி வைத்த பைகளில் இது அதிகம். துடைத்தால் போகாது, லைனிங்கையே மாற்ற வேண்டும். அப்படியே முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை தோலில் ஏறிவிட்டால் லேசில் நீங்காது.

அடுத்து அடிமூலைகள் நான்கும், கைப்பிடி பையோடு சேரும் இடமும். மூலை மட்டும் பளிச்சென்று இருந்தால் சாயம் பூசியிருக்கலாம், கடையில் கேட்டுவிடுங்கள்.

பைக்குள் பொறித்திருக்கும் எண்ணை வைத்து மட்டும் அசல் என்று முடிவு செய்யாதீர்கள், போலியிலும் எண் இருக்கும். ஆனால் காலம் பொருந்துகிறதா என்று பார்க்க அது உதவும். லூயி விட்டோன் நிறுவனம் 2021-இல் தேதிக் குறியீட்டை, அதாவது பை எங்கே, எப்போது செய்தது என்று காட்டும் எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீட்டை, விட்டுவிட்டு மைக்ரோசிப்புக்கு மாறியது. 2023-இல் செய்த பை என்று சொல்லி தேதிக் குறியீட்டைக் காட்டினால் வாங்க வேண்டாம்.

முதலை, மலைப்பாம்புத் தோல் என்றால் சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள். சுங்கத்தில் பறிமுதல் செய்யக்கூடும். பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் சலுகை பழைய பொருளுக்கு எல்லா இடத்திலும் கிடைக்காது, பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ரசீதில் பிராண்ட், மாடல், எண் மூன்றும் எழுதி வாங்குங்கள்.