சுவரில் மாட்டிய சான்றிதழ்

அப்பச்சி (எங்கள் வழக்கில் அப்பா) காலமான பிறகு ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, மாதக்கணக்கில் சரியான தூக்கமில்லை. காரைக்குடியிலேயே மனநல ஆலோசகர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவருடைய அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட நான்கு சான்றிதழ்கள் இருந்தன; அவற்றுள் பெரியது, பொன்னிற முத்திரையும் உறுப்பினர் எண்ணுமாக, ஓர் ஆலோசகர் சங்கம் அவரை அங்கீகரித்திருப்பதாகச் சொன்னது. அதை நம்பித்தான் ஆத்தாவை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் கழித்து, முன்னோருக்குப் படையலிடப் பங்காளிகள் கூடியிருந்த படைப்பு வீட்டில், உறவுக்கார ஆச்சி ஒருவர் ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ராத்திரியில அண்ணன் செருப்புச் சத்தம் கேக்குதாமே?” என்றார். என்னிடம்கூடச் சொல்லாத அதை ஆத்தா அந்த அறையில் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

சான்றிதழில் இருந்த சங்கத்தின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர், சந்தா புதுப்பிக்க வேண்டுமா என்று கேட்டார். முறையீட்டை விசாரிக்க அவர்களிடம் குழு எதுவும் இல்லை.

தொழில்முறைச் சங்கங்கள் ஆலோசகர்களை அங்கீகரிக்கவே கூடாது என்று அன்று கோபத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்பவரின் பெயர், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் இருக்க வேண்டும். ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டுவதற்கோ நடைமுறையில் அத்தகைய தடை ஏதுமில்லை. மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்கள் சிலரையும் உள்ளடக்கி 2021இல் வந்த சட்டம் மாநிலப் பதிவேடுகளுக்கு வழி செய்திருக்கிறது. அது எங்கள் தெருப் பலகைகளை எட்டும்வரை, தட்டிக்கேட்கச் சங்கத்தை விட்டால் ஆளில்லை. ஆனால் அங்கீகாரம் தருவதோடு அதைப் பறிக்கவும், பறித்ததைப் பெயரோடு ஊரறியச் சொல்லவும் துணியாத சங்கம் செய்வது ரசீது எழுதும் வேலைதான். பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் வாங்கும் அதே கை சான்றிதழிலும் கையெழுத்திடுவதை நான் ஏற்கமாட்டேன்.

பிரிட்டனிலும் ‘கவுன்சிலர்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அங்குள்ள பெரிய ஆலோசகர் சங்கம் முறையீடுகளை விசாரித்து, தண்டனைகளைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதன் பதிவேட்டையே மேலிருந்து சரிபார்க்கத் தனி ஆணையமும் உண்டு. இருந்தும், நீக்கப்பட்டவர் மறுநாளே அதே பெயரில் கடை திறந்தால் சங்கத்தால் தடுக்க முடியாது.

நகரத்தார் வீட்டுக் கல்யாணத்துக்குக் அவர்களுடைய குலக் கோவிலிலிருந்து மாலை வந்தால்தான் அந்த மணமக்கள் ‘புள்ளி’யாக, அதாவது அக்கோவிலைச் சேர்ந்த ஒரு குடும்பமாக, கணக்கில் வருவார்கள். சட்டம் எதுவும் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. புள்ளியாக இருப்பதை எல்லோரும் பெரிதாக மதிப்பதால் இன்றும் நடக்கிறது. விலகிப் போனாலும் வருமானம் குறையாது என்றிருக்கும் ஆலோசகரிடம் சங்கத்தின் மாலைக்கு அந்த மதிப்பு எங்கிருந்து வரும்? ஆகவே பெயரைச் சட்டம் காக்கட்டும். அதற்குள் நின்று, தொழிலின் தரத்தைச் சங்கம் பார்க்கட்டும்.

இப்போது ஆத்தாவை மதுரைக்குப் பேருந்தில் அழைத்துச் செல்கிறேன். முதல்முறை போகும் முன்பே அந்த மருத்துவ உளவியலாளரின் பதிவு எண்ணைச் சரிபார்த்துவிட்டேன். ஆத்தா அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், “நான் சொல்றது இந்தச் சுவரைத் தாண்டாதுல்ல?” என்றார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்ல நேரும் என்று அந்த அம்மா நிதானமாக விளக்கிவிட்டு, என்னை வெளியே இருக்கச் சொன்னார்.