ஒரே பெயரில் இரண்டு படங்கள்

"இதே பெயரில் இங்கே ஏற்கனவே ஒரு ஃபைல் இருக்கிறது. மாற்றிவிடவா?"

சித்தப்பாவின் பழைய கேமரா கார்டை இன்று லேப்டாப்பில் காப்பி செய்யும்போது இந்தக் கேள்வி வந்து நின்றது.

ஒன்றில் பாட்டி திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். இன்னொன்று தங்கையின் பள்ளி ஆண்டுவிழா. இரண்டுக்கும் எண் 0417.

கேமரா 9999 வரைதான் எண்ணும், அப்புறம் மறுபடி 0001. படத்தின் ஃபைல் பெயருக்கு நான்கு எழுத்து, நான்கு எண் என்பது 1998-இல் ஜப்பானில் வகுத்த விதி. 'மாற்று' என்று அழுத்தினால் பாட்டி போய்விடுவார்.

இரண்டையும் வைத்துக்கொண்டேன். ஆண்டு, மாதம் என்று ஃபோல்டர் போட்டுப் பிரித்தேன். படம் எடுத்த தேதி ஃபைலுக்குள்ளேயே எக்ஸிஃப் தகவலாக இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். (கேமராவில் கடிகாரம் சரியாக வைத்திருந்தால்!) இன்னொரு நகல் ஹார்டு டிஸ்கில். அதுவரை கார்டை அழிக்கவே கூடாது.

ஆனால் பாட்டிக்குப் பக்கத்தில் பச்சைப் புடவையில் இருப்பவர் யார்?

அதை எந்த எக்ஸிஃபும் சொல்லாது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மேலத்தெரு அத்தைடா. பாட்டிகூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க."

ஃபைலின் பெயரிலேயே அதைத் தமிழில் எழுதிவைத்தேன். இப்படி முகம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கும் தெரியாத முகங்களைத் தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வருகிறார், அவரிடம் காட்ட வேண்டும்.