அதான் ஒண்ணும் ஆகலையே

என் மச்சினன் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுப்பவன். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் கார்கிலில் ஆரம்பித்தான். "1998-ல நாமளும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடிச்சுக் காட்டினோம் அத்தான். அடுத்த வருஷமே சண்டை. ஆனா நம்ம விமானம் எதுவும் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு. எல்லாம் குண்டு மேல இருந்த பயம்தான்."

அவன் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. நாகசாகிக்குப் பிறகு எந்தப் போரிலும் அணுகுண்டு விழவில்லை. ஆனால் நான் 31 வருஷம் கன்ட்ரோல் ரூமில் குப்பை கொட்டியவன். என் புத்தி வேறு பக்கம்தான் போகும்.

உரத் தொழிற்சாலையில் அம்மோனியா பிளான்ட். ஒரு ஐப்பசியில், நைட் ஷிப்ட் முடியப்போகிற நேரம், கம்ப்ரசர் பக்கம் தீ என்று அலாரம் கத்தியது. பட்டனை அழுத்தினால் பிளான்ட் டிரிப் ஆகி நின்றுவிடும்; திரும்ப ஓட்ட இரண்டு நாள் பிடிக்கும். அழுத்தாமல் விட்டு, நிஜமாகவே தீயாக இருந்துவிட்டால்? பக்கத்து டிடெக்டர்கள் எல்லாம் சும்மா இருந்தன. வெளியே இருந்த பையனை வாக்கி டாக்கியில் கூப்பிட்டு ஓடிப் பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். "அண்ணே, ஒண்ணுமில்ல. மழைத்தண்ணி தேங்கிக் கெடக்கு. அதுல வெயில் பட்டு மினுக்குது." அந்த மினுக்கல்தான் டிடெக்டருக்குத் தீயாகத் தெரிந்திருக்கிறது. அந்த அவசரத்தில் லாக் புக்கில் நேரம் எழுதவில்லை என்று எனக்கு மெமோ கொடுத்தார்கள். இன்னும் வைத்திருக்கிறேன்.

சோவியத் ராணுவ அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெட்ரோவைப் பற்றிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தது அதனால்தான். 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டியிருந்தது. மாஸ்கோவுக்குத் தெற்கே, ஏவுகணை வருகிறதா என்று செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கும் செர்புகோவ்-15 நிலையத்தில் அவர் பணியில் இருந்தார். கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் படை சுட்டு வீழ்த்தி, 269 பேர் செத்து நான்கு வாரம்கூட ஆகவில்லை. அமெரிக்காவிலிருந்து ஏவுகணை ஒன்று கிளம்பிவிட்டது என்றது செயற்கைக்கோள். அப்புறம் இன்னும் நான்கு. போர் தொடுக்கிறவன் ஐந்தே ஐந்தையா அனுப்புவான்? தரை ரேடாரிலும் ஒன்றும் காணோம். பொய் அலாரம் என்று மேலே சொல்லிவிட்டார். மேகத்தின் மேல் பட்ட வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு அவரையும் லாக் புக் எழுதவில்லை என்றுதான் கேட்டார்கள்! ஒரு கையில் போன், இன்னொரு கையில் இன்டர்காம், மூன்றாவது கை கிடையாது என்றாராம்.

அமெரிக்கக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1980 ஜூனில் சோவியத் ஏவுகணைகள் வருகின்றன என்று அவர்களுடைய திரைகள் காட்டின. கடைசியில் பார்த்தால், 46 சென்ட் விலையுள்ள ஒரு சிப் பழுது.

இதையெல்லாம் சொன்னதும் மச்சினன் சிரித்தான். "அதான் ஒண்ணும் ஆகலையே அத்தான்."

பிளான்டில் இப்படிச் சொன்னால் சேப்டி ஆபீசர் விட மாட்டார். ஒன்றும் ஆகாமல் தப்பித்ததற்கென்றே 'நியர் மிஸ்' என்று தனிப் படிவம் உண்டு. அதில் "நம் சிஸ்டம் நன்றாக வேலை செய்கிறது" என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

எனக்காவது ஓடிப்போய்ப் பார்க்க ஒரு பையன் இருந்தான். பெட்ரோவுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவிலிருந்து ஏவுகணை வந்து சேர அரை மணி நேரம் ஆகும். டில்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் நடுவில் அவ்வளவு அவகாசம் ஏது? 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் மியான் சன்னூ பக்கம் போய் விழுந்தது. நல்லவேளை, அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. தவறுதலாகப் போய்விட்டது என்று நம் அரசு வெளியே சொன்னது இரண்டு நாள் கழித்து. அந்த இரண்டு நாளும் அங்கே ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருந்தவனை நினைத்துப் பார்க்கிறேன்.

"சரி, அந்த ரஷ்யாக்காரர் நாற்காலியில நீங்க இருந்திருந்தா?" என்று கேட்டான் மச்சினன்.

யோசித்துத்தான் பதில் சொன்னேன். ஒன்று என்று காட்டியபோது காத்திருந்திருப்பேன். ஐந்தாவதும் வந்ததும் போனை எடுத்து, "வருது சார்" என்றுதான் சொல்லியிருப்பேன்.