கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?

பெரியம்மாவை 108-லிருந்து இறக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தியதும், எமர்ஜென்சி வாசலில் நின்ற டாக்டர் முதலில் கேட்டது பெயரையோ வயதையோ இல்லை. "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?"

"ராத்திரி பத்து மணிக்குப் படுக்கும்போது நல்லாத்தான் இருந்தாம்மா" என்றார் பெரியப்பா. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. காலையில் அவர் கண் விழித்து வந்தபோது பெரியம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு குழறியது, வலது கையைத் தூக்க வரவில்லை. அதற்கு முன் பெரியப்பா அவரைப் பார்த்தது இரவு பத்து மணிக்குத்தான்.

டாக்டர் சீட்டில் அதை எழுதப் போனார். நான் குறுக்கே புகுந்தேன்.

"இல்ல டாக்டர், காலைல அஞ்சே முக்காலுக்கு அடி பம்புகிட்ட எதிர்வீட்டு அக்காவோட சண்டை போட்டிருக்காங்க."

"சண்டையா? பேச்சு தெளிவா இருந்துச்சா?"

"தெருவுக்கே கேட்டுச்சாம்."

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது அந்த அக்கா அழுதுகொண்டே சொன்னது அது. டாக்டர் அங்கேயே அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். "ஆமா டாக்டர், என் குடத்த நகத்தி வெச்சுட்டு என்னையே திட்டினாங்க. அப்புறம் ரெண்டு கையிலயும் ரெண்டு குடத்தத் தூக்கிட்டுப் போனாங்க." இரண்டு கை என்றதும் டாக்டர் தலையாட்டினார். சீட்டில் 5.45 என்று எழுதினார்.

இந்தக் கேள்விக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு அதைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தொடங்கிய நேரம் தெரியாவிட்டால், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு. இரவு பத்து மணி என்று எழுதியிருந்தால், நாங்கள் உள்ளே நுழையும்போதே கெடு முடிந்திருக்கும். எதிர்வீட்டு அக்கா சொன்ன கணக்குப்படி காலை பத்தேகால் வரை நேரம் இருந்தது.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சில குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, அங்கே நல்லபடியாக வேலை பார்த்தவர்கள்தான் அதிகம். சென்னையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனை, அவ்வளவு போதும்.

வீட்டில் நடந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா கூப்பிட்ட குரலுக்கு மாடியிலிருந்து நான் இறங்கி வருவதற்குள் நாலு பேர் நாலு யோசனை சொல்லியாகிவிட்டது. ஒருவர் சூடாகக் காபி கொடுக்கச் சொன்னார். ஒருவர் ஆஸ்பிரின் மாத்திரை. கோடி வீட்டுத் தாத்தா, புறா ரத்தம் தடவினால் இழுப்பு நிற்கும், புறாவுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று மும்முரமாகக் கேட்டார். நல்ல மனிதர், ஒரு அவசரம் என்றால் ஓடி வருபவர், அதனால் யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. காபியைத் தம்பி வாங்கி ஓரமாக வைத்துவிட்டான். இந்த நேரத்தில் விழுங்கும் தசை சரியாக வேலை செய்யாமல் போகலாம், குடித்தது நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆஸ்பிரினும் அப்படித்தான், அடைப்பா ரத்தக்கசிவா என்று தெரியாமல் கொடுத்தால் வினையாகப் போகலாம்.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டிவிட்டுப் போகலாம் என்று பெரியப்பா சொன்னார். 108-ல் வந்த டெக்னீஷியன் பையன், "அங்க சி.டி. ஸ்கேன் இருக்கா சார்?" என்று ஒரே கேள்வி கேட்டான். பேச்சு முடிந்தது. விரலில் குத்திச் சுகர் பார்த்தான். சுகர் ரொம்ப இறங்கினாலும் பக்கவாதம் போலவே தெரியுமாம். 160 சொச்சம் இருந்தது. வண்டி கிளம்பியதும் எமர்ஜென்சிக்குப் போன் செய்து, ஸ்ட்ரோக் கேஸ் வருகிறது என்று சொல்லிவிட்டான். வாசலில் டாக்டர் நின்றதற்குக் காரணம் அதுதான். ஆட்டோவில் போயிருந்தால் வாசலில் இருந்திருக்கக்கூடியவர் செக்யூரிட்டி மட்டும்தான்.

அரசு மருத்துவமனை எமர்ஜென்சி இப்போது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிந்திருக்கிறது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், நடந்து வந்தவர்கள் பச்சை. வந்த வரிசைக்கு இங்கே மதிப்பு கிடையாது. எங்களுக்கு முன்பே வந்து பச்சையில் உட்கார்ந்திருந்த ஒருவர், "ஒரு மணி நேரமா வயித்து வலி, எங்கள யாரும் பாக்கல, இவங்கள மட்டும் உடனே கூட்டிட்டுப் போறாங்க" என்று சத்தம் போட்டார். பாவம், அவருக்கும் யாராவது இந்த நிறக் கணக்கைச் சொல்லியிருக்கலாம். சுவரில் போர்டு இருந்தது. வலியோடு வந்தவர் போர்டா படிப்பார்?

சிவப்புப் பகுதிக்குள் ஒரு ஆளைத்தான் விடுகிறார்கள். பெரியப்பா போகட்டும் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் நினைத்தார்கள். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நானே போனேன். எமர்ஜென்சிக்குப் போகிற எல்லாருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்: உள்ளே போகிற ஒரு ஆள், வயதிலோ உறவிலோ பெரியவராக இருக்க வேண்டியதில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடுத்த அரை மணி நேரத்தில் வெவ்வேறு டாக்டர்கள், நர்ஸுகள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பிரஷர் உண்டா, என்ன மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறாரா, சமீபத்தில் ஆபரேஷன் ஏதும் ஆனதா, தலையில் அடிபட்டதா, எடை எவ்வளவு. ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது. எடை மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை, பார்த்து உத்தேசமாகப் போட்டார்கள். மாத்திரை விவரத்துக்கு மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் எழுதித் தரும் அட்டை கைகொடுத்தது. வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை தரும் திட்டம், 2021-ல் தொடங்கியது. அந்த அட்டையைப் பெரியம்மா அரிசி டப்பாவில் பத்திரமாக வைத்திருப்பார். தம்பி அதைக் கையோடு எடுத்து வந்திருந்தான்.

ஸ்கேன் அறை வேறு கட்டிடம். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் லிஃப்ட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஏதாவது பாத்து குடும்மா" என்றார். பாத்து என்றால் நூறு. கீழே நோயாளி கிடக்கும்போது பேரம் பேச மனசு வருமா? "அண்ணே, நீங்க விடுங்க, நாங்க தள்ளிக்கிறோம்" என்று தம்பியும் நானும் பிடித்துக்கொண்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கூடவே வந்து வழி காட்டினார். சம்பளம் என்னவோ, ஒப்பந்த வேலையோ என்னவோ. ஆனாலும் அந்த இடத்தில் கை நீட்டுவது கொடுமைதான். நூறு ரூபாய் இல்லாத வீட்டுக்காரர்களும் அந்த லிஃப்ட் வாசலில் நிற்பார்கள். இந்த மாதிரிக் காசு கேட்டால் 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். நாங்கள் அன்றைக்குச் செய்யவில்லை, செய்ய நேரமும் இல்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர், "ஒண்ணும் தெரியல, நல்லது" என்றார். வெளியே பெரியப்பாவுக்கு ஆள் சொல்லிவிட, அவர் ஒன்றுமில்லையாம் என்று ஊருக்கெல்லாம் போன் போட ஆரம்பித்துவிட்டார். ஆனால் அந்த "ஒண்ணும் தெரியல"வுக்கு அர்த்தமே வேறு. ரத்தக்கசிவு என்றால் ஸ்கேனில் வெள்ளையாக உடனே தெரியும். அடைப்பு என்றால் முதல் சில மணி நேரத்துக்கு ஸ்கேன் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஆக, கசிவு இல்லை, அடைப்புதான், ஊசி போடலாம் என்று அர்த்தம்.

போடுவதற்கு முன் இரண்டு தடை. ஒன்று, பிரஷர் 200-ஐத் தாண்டியிருந்தது. 185/110-க்குக் கீழே வந்தால்தான் இந்த ஊசி போடுவார்கள். அதற்கு மருந்து ஏற்றிவிட்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டாவது, கையெழுத்து. ஊசி போட்ட நூறு பேரில் ஆறு பேர் வரைக்கும் மூளைக்குள் ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு, அதில் உயிருக்கே ஆபத்தும் வரலாம் என்று மேற்படிப்பு படிக்கும் ஒரு பி.ஜி. டாக்டர், சின்னப் பெண், பெரியப்பாவை வரவழைத்து நல்ல தமிழில் சொன்னார். பெரியப்பா, ஷார்ஜாவில் இருக்கும் பெரிய மகனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். போன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. "ஐயா, போடலன்னா இந்தக் கை இப்படியே நின்னுபோக வாய்ப்பு நிறைய. போட்டா திரும்ப வர வாய்ப்பு கூடும். எங்க அம்மாவா இருந்தா நான் போடச் சொல்லுவேன்" என்றார். பெரியப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கையெழுத்து போட்டார்.

முதலில் கொஞ்சம் நேராக நரம்பில், மீதியை ஒரு மணி நேரம் மெஷின் வைத்து ஏற்றினார்கள். வெளியே இதற்குப் பல பத்தாயிரம் ஆகும். இங்கே ஒரு பைசா கேட்கவில்லை. முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக்கூட மறுநாள்தான் கேட்டார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான அட்டை அது.

ஊசிக்கு அப்புறம் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிரஷர் பார்த்தார்கள். கண்ணைத் திறந்து மூடு, கையைத் தூக்கு, பல்லைக் காட்டு என்றார்கள். பெரியம்மாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மதியத்துக்கு மேல் வலது கை விரல் லேசாக மடங்கியது. முதலில் பார்த்தது நானில்லை, சிஸ்டர். "ஏய், புடிச்சிட்டாங்கப்பா" என்று தன் கையைக் காட்டினார். பெரியம்மா அவர் சுண்டுவிரலை விடவே இல்லை.

பேச்சு குழறலோடு வந்த முதல் வார்த்தை "காபி". தரவில்லை. ஒரு டாக்டர் வந்து நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்து, "ஆ" என்று சொல்லச் சொன்னார். குரல் ஈரமாகக் கரகரத்தது. இன்றைக்கு வாயில் எதுவும் கூடாது என்று மூக்கில் ட்யூப் போட்டார்கள். காபிக்குப் பதில் ட்யூப் வந்ததில் பெரியம்மா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

பக்கத்துப் படுக்கையில் பைக்கிலிருந்து விழுந்த ஒரு பையன். அவனைக் கொண்டுவந்தது வழியில் போன ஆட்டோக்காரர். போலீஸ் கேஸில் மாட்டிக்கொள்வோமோ என்று அவர் ஓரமாகப் பதுங்கிக்கொண்டே இருந்தார். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதினார், போலீஸுக்குத் தகவல் போனது, ஆனால் எதற்கும் வைத்தியம் நிற்கவில்லை. காப்பாற்றிக் கொண்டுவருபவர் பேர், விலாசம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தை ஒட்டி விதியே வந்தாகிவிட்டது. அவுட்போஸ்ட் போலீஸ்காரர் அவரிடம், "நீ கெளம்புப்பா, சவாரி போய்டும்" என்றார். பையனின் அம்மா செலவை நினைத்து அழுதபோது, சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரம் அரசே பார்த்துக்கொள்ளும் என்று சிஸ்டர் இன்னுயிர் காப்போம் திட்டத்தைச் சொன்னார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு எல்லாமே நிதானமாகிவிட்டது, அதாவது இழுத்தது. பாத்ரூம் பற்றி எழுதவே வேண்டாம். துணைக்கு இருப்பவர்கள் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான். வளாகத்தில் அம்மா உணவகம் இருந்தது, ஒரு ரூபாய் இட்லி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விவரம் கிடைப்பதுதான் பெரும்பாடு. யூனிட் சீஃப் காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டில் பக்கத்தில் இருந்தால் எல்லாம் சொல்வார், நாமும் கேட்கலாம். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விட்டால் அன்று முழுக்க ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டாவது ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் ஆஸ்பிரின் தொடங்கினார்கள் என்பதே எனக்கு ரவுண்ட்ஸில்தான் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டோம். அடுத்த முறை யார் கூட்டிக்கொண்டு போனாலும் கையில் இருக்கும். மாத்திரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கே அலைய வேண்டியதில்லை, அந்த சம்மரியைக் காட்டினால் எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதா மாதம் தருகிறார்கள். பிசியோதெரபிக்கும் அங்கேயே பதிந்தோம், வீட்டுக்கே ஆள் வருகிறார். பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கையால் டம்ளர் பிடிக்கிறார், ஊசி நூல் கோக்க இன்னும் வரவில்லை.